வீட்டு மேஜையில் நீராவி எஞ்சின்: தண்ணீர் ஊற்றுவதிலிருந்து துடைத்து வைப்பது வரை

என் எஞ்சினின் கொதிகலன் அடிவயிற்றில் நீலமும் கறுப்பும் கலந்த ஒரு வடு இருக்கிறது. வாங்கிய இரண்டாம் மாதம் ஏற்பட்டது. விடுமுறைக்கு வந்திருந்த அக்கா பிள்ளைகள் "இன்னொரு தடவை மாமா" என்று கேட்கக் கேட்க, எரிபொருள் வில்லையை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே இருந்தேன். விசிலை வேறு ஆளுக்கு நாலு தடவை இழுத்தார்கள். எஞ்சின் மெல்லத் திணறி நின்றது. நெருப்பு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னொரு வில்லையை வைத்தேன். உள்ளே தண்ணீரே இல்லை. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியின் வாஷர் கருகும் வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

எஞ்சின் பிழைத்துக்கொண்டது. அன்று கற்ற பாடம்தான் இந்த வழிகாட்டி முழுக்க வரப்போகிறது: நெருப்பு முதலில் தீர வேண்டும், தண்ணீர் மிஞ்ச வேண்டும். எண்ணெய், வால்வு, ஃப்ளைவீல் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

எவ்வளவு பயப்பட வேண்டும்?

மேஜை மேல் ஓடும் சின்ன எஞ்சின்கள் பெரும்பாலும் 1 முதல் 1.5 பார் அழுத்தத்துக்குள் வேலை செய்கின்றன. உங்கள் வீட்டு குக்கரின் வெயிட் தூக்குவதும் 1 பார் வாக்கில்தான். ஆகவே தினமும் சோறு வைக்கிற வீட்டுக்கு இந்த அழுத்தம் புதியது அல்ல. கொதிகலனில் பிடிப்பதும் ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீர்தான்.

அதற்காக விளையாட்டுச் சாமான் என்று அலட்சியமாகவும் இருக்க முடியாது. 4 செ.மீ. விட்டமுள்ள கொதிகலன் மூடியின் மேல் 1.5 பார் அழுத்தம் என்றால், சுமார் 19 கிலோவை அதன்மேல் ஏற்றி வைத்ததற்குச் சமம். இன்னொன்றும் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 127 டிகிரி வரை போகும். எங்காவது பிய்த்துக்கொண்டால், உள்ளே இருக்கும் 100 மி.லி. தண்ணீரில் 5 மி.லி. அளவு அந்த நொடியிலேயே ஆவியாகும். 5 மி.லி. என்பது கொஞ்சமாகத் தெரியலாம். ஆவியானதும் அதுவே 8 லிட்டருக்கு மேல் வரும். உள்ளே ஆவியாக அடைபட்டிருப்பதைவிட, சூடேறிய தண்ணீரில் ஒளிந்திருக்கும் சக்திதான் ஆபத்தானது.

இந்தியக் கொதிகலன் சட்டம் 25 லிட்டருக்குக் குறைவான கலன்களைக் கண்டுகொள்வதில்லை. நம்முடையதைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. அந்த வேலையும் நம் தலையில்தான்.

எந்த எஞ்சினை வாங்குவது?

இந்தப் பொழுதுபோக்கின் தாய்வீடு ஜெர்மனியும் இங்கிலாந்தும். ஜெர்மனியின் லூடன்ஷைட் நகரத்து வில்ஹெல்ம் ஷ்ரோடர் நிறுவனத்தின் 'விலெஸ்கோ' எஞ்சின்கள் 1950 முதல் வருகின்றன. 1937இல் ஜெஃப்ரி மேலின்ஸ் பர்மிங்காமில் தொடங்கியது 'மமோட்'. 'மேலின்ஸ் மாடல்ஸ்' என்பதன் சுருக்கம் அது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் 'ஜென்சன்' இருக்கிறது. அதன் மாடல்களில் பல மின்சாரத்தில் சூடேறுபவை, அமெரிக்க 120 வோல்ட்டுக்குச் செய்தவை. யாராவது அன்பளிப்பாகக் கொண்டுவந்தால் நம் ஊர் 230 வோல்ட்டில் அப்படியே செருகிவிடாதீர்கள்.

எந்தக் கம்பெனி என்பதைவிட எந்த வகை சிலிண்டர் என்பது முக்கியம். எளிமையானது ஆடும் சிலிண்டர். பிஸ்டன் முன்னும் பின்னும் போகும்போது சிலிண்டரே ஒரு ஆணியில் தொங்கி இப்படியும் அப்படியும் ஆடும். அப்படி ஆடுவதாலேயே அதன் முகத்திலுள்ள துளை, ஒருபக்கம் ஆவி வரும் துளையோடும் மறுபக்கம் ஆவி வெளியேறும் துளையோடும் மாறி மாறிப் பொருந்தும். தனியாக வால்வு கிடையாது. ஒரு ஸ்பிரிங்தான் அதை முகத்தோடு அழுத்திப் பிடித்திருக்கும். கொஞ்சம் ஆவி கசியும், சுற்றிலும் எண்ணெய் தெறிக்கும், ஆனால் ஒரு பார்வையிலேயே முழு இயக்கமும் புரிந்துவிடும். பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்லது கிடையாது.

அடுத்தது நிலையான சிலிண்டர். பக்கத்திலேயே ஒரு வழுக்கு வால்வு உட்கார்ந்து, பிஸ்டனின் இரு பக்கமும் மாறி மாறி ஆவியை விடும். பழைய ரயில் எஞ்சினின் ஓசை வேண்டுமென்றால் இதுதான். மெதுவாக ஓடினாலும் நின்றுவிடாது, பாரம் இழுக்கும். கையில் காசு இருந்து ஒரே ஒரு எஞ்சின்தான் வாங்குவேன் என்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

காசு செலவழிக்கத் தயங்குபவர்கள் திருவிழாக் கடையில் தகரப் படகு கிடைக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டியில் 'டப டப' என்று சத்தம் போட்டுச் சுற்றுமே, அதேதான். அதன் மூலத்துக்கு 1891இல் தாமஸ் பியோ என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். பிஸ்டனும் கிடையாது, வால்வும் கிடையாது. உள்ளே ஒரு சின்னத் தகடும் பின்னால் இரண்டு குழாயும்தான். அதுவும் நீராவி எஞ்சின்தான், ஒரு மெழுகுவர்த்தித் துண்டில் ஓடும்.

பழையதை வாங்குபவர்கள் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, சேஃப்டி வால்வின் தண்டைப் பிடித்து இழுத்தால் ஏறி, விட்டால் தானே இறங்குகிறதா. இரண்டு, பற்றவைத்த இடங்களில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா. மூன்று, உட்புறம்: டார்ச் அடித்து, நிரப்பும் துளை வழியாகப் பாருங்கள். இதில் எதிலாவது சந்தேகம் இருந்தால் தண்ணீர்ச் சோதனை செய்யாமல் நெருப்பு வைக்கக் கூடாது. கொதிகலன் முழுக்கக் காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, சேஃப்டி வால்வு இருக்கும் துளையை அடைத்து, அழுத்தமானி வைத்த கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பதுதான் அது. முள் இறங்காமல் நிற்க வேண்டும். காற்றடித்துச் சோதிக்காதீர்கள். தண்ணீர் அமுங்குவதில்லை, பிய்ந்தால் ஒரு சொட்டோடு போய்விடும். அமுங்கிய காற்று பிய்ந்தால் துண்டு பறக்கும்.

இடம்

மின்விசிறி ஓடாத, ஜன்னல் திறந்த அறை வேண்டும். காற்று அடித்தால் சுடர் கொதிகலனைத் தொடாமல் சாயும், அறையைப் பூட்டினால் புகை மூக்கைப் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு மூலையைக் கண்டுபிடியுங்கள். மொட்டை மாடி வேண்டாம். காற்று ஒரு காரணம், வெயிலில் ஸ்பிரிட்டின் சுடர் கண்ணுக்கே தெரியாது என்பது அதைவிடப் பெரிய காரணம். கீழே எவர்சில்வர் தாம்பாளம். எண்ணெயும் கொதிதண்ணீரும் எல்லாத் திசையிலும் தெறிக்கும், அதைத் தாம்பாளம் தாங்கும். பக்கத்தில் ஈரத்துணி, சுடரை மூடி அணைக்க ஒரு தகர டப்பா, ஒரு தடித்த கையுறை. பிள்ளைகளுக்குத் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுவிடுங்கள். விசில் இழுப்பவர் மட்டும் கோட்டைத் தாண்டி வரலாம், அதுவும் ஒருத்தராக.

தண்ணீர்

நான் கோயம்புத்தூரில் இருப்பதால் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவன். சிறுவாணித் தண்ணீர் வந்தால் நேராகக் கொதிகலனில் ஊற்றலாம். அதே ஊரில் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் கதை வேறு. குக்கருக்குள் இட்லித் தட்டின் கீழே வெள்ளையாகப் படியுமே, அந்தச் சுண்ணாம்புதான் கொதிகலனுக்குள்ளும் படியும். குக்கரைத் தேய்த்துவிடலாம், கொதிகலனுக்குள் கை போகாது. படிவு சேரச் சேரச் சூடு தண்ணீருக்குப் போகாமல் தகட்டிலேயே தங்கும், ஆவி வர நேரம் பிடிக்கும். சேஃப்டி வால்வின் இருக்கையில் ஒரு துணுக்கு மாட்டினால் வால்வு சரியாக மூடாது, அல்லது அதைவிட மோசமாக, திறக்காமலும் போகலாம்.

டிஸ்டில்டு தண்ணீர் சரி. ஐப்பசியில் நாலு நல்ல மழை பெய்து ஓடு கழுவிய பிறகு பிடித்து, துணியில் வடித்த மழைத்தண்ணீர் அதைவிட மலிவு. ஆர்.ஓ. தண்ணீரும் பரவாயில்லை. ஏற்கனவே படிந்துவிட்டதென்றால், நீர்த்த சிட்ரிக் அமிலத்தை வெதுவெதுப்பாக ஊற்றி, கொஞ்ச நேரம் வைத்து, பலமுறை அலசி ஊற்றுங்கள். ராத்திரி முழுக்க ஊறவிடாதீர்கள், அமிலம் சுண்ணாம்போடு நிற்காமல் பித்தளையையும் பதம் பார்க்கும்.

எவ்வளவு ஊற்றுவது? கண்ணாடி இருந்தால் அதில் குறித்த மேல்மட்டம் வரை. கண்ணாடி இல்லாத பழைய மாடல்களில் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் தண்ணீர் வழியும் வரை ஊற்றி மறுபடி மூடுவது வழக்கம். எப்படியானாலும் முக்காலுக்கு மேல் போகாதீர்கள். ஆவி சேர மேலே இடம் வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரே பொங்கி சிலிண்டருக்குள் போகும்.

ஊற்றுவது வெந்நீராக இருக்கட்டும். இது சோம்பேறி யோசனையாகப் படலாம், கணக்குப் போட்டுப் பார்த்தேன். 150 மி.லி. தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுபோக 44 கிலோஜூல் வேண்டும். 4 கிராம் வில்லை ஒன்றில் இருப்பது சுமார் 120 கிலோஜூல். அதில் பாதிகூடக் கொதிகலனுக்குள் போகாது, மீதி சுவரையும் நம் முகத்தையும் சூடாக்கும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் முதல் வில்லை முழுக்க வெந்நீர் போடுவதற்கே போய்விடும். அந்த வேலையை அடுப்படியில் இருக்கும் கெட்டில் செய்யட்டும். பெரிய ஊசி சிரிஞ்சால் ஏற்றினால் எத்தனை மி.லி. உள்ளே போனது என்பதும் தெரியும். அந்தக் கணக்கு கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

நெருப்பு

பெரும்பாலான சின்ன எஞ்சின்களோடு ஒரு தகர இழுப்பறை வரும். அதில் வைப்பது ஹெக்ஸமின் வில்லை. ஜெர்மனியில் எரிக் ஷூம் என்பவர் 1936இல் கொண்டுவந்தது, 'எஸ்பிட்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. மலையேறுபவர்களும் ராணுவத்தினரும் பயன்படுத்துவதும் இதுதான். கரி பிடிக்காத சுடர், கவிழ்ந்தாலும் சிந்தாது. குறையென்றால் நாற்றமும், கொதிகலனில் ஒட்டும் பிசுக்கும். கையில் பட்டால் கழுவிவிட்டு முறுக்கு எடுங்கள். பார்க்க வெள்ளை மிட்டாய் மாதிரியே இருக்கும் என்பதால் டப்பாவைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் எஞ்சின் கொண்டுவருகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: எஞ்சின் பெட்டியில் வரலாம், வில்லை விமானத்தில் வரக் கூடாது. எரியும் திடப்பொருள் என்று விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். இங்கே மலையேற்றச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

"கற்பூரம் வைக்கலாமா?" இதைக் கேட்காத ஆளே இல்லை. வைக்கலாம், ஒரே ஓட்டத்தில் உங்கள் பளபளக்கும் கொதிகலன் அண்டா அடி மாதிரி கறுத்துவிடும். கற்பூரச் சுடர் அவ்வளவு கரி கக்கும். அதன் வேலை கோயிலில்தான்.

ஸ்பிரிட் விளக்குகள் பழைய ஆங்கில எஞ்சின்களோடு வந்தவை. சுடர் சுத்தமானது, ஆனால் கவிழ்ந்தால் தீ ஓடும், பகலில் தெரியாது. தமிழ்நாட்டில் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டும் மெத்தில் ஆல்கஹாலும் உரிமக் கட்டுப்பாட்டில் இருப்பவை. கள்ளத்தனமாக விற்பவரைத் தேடிப் போகும் அளவுக்கு இந்தப் பொழுதுபோக்கு பெரியது அல்ல. மருந்துக்கடை ஐசோப்ரொபைல் எரியும், ஆனால் மஞ்சள் சுடரும் கரியும் வரும். விருந்துகளில் பஃபே பாத்திரத்தின் கீழே எரியும் ஜெல்லைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். சூடு மந்தம், ஆடும் சிலிண்டர் எஞ்சினுக்கு ஒப்பேறும். எந்தத் திரவத்தையும் ஜெல்லையும் எரிந்துகொண்டிருக்கும்போது ஊற்றாதீர்கள். சுடர் அணைந்து, விளக்கு ஆறி, அப்புறம்தான் பாட்டிலைத் திறக்க வேண்டும். இதில் விதிவிலக்கே கிடையாது.

சரி, எத்தனை வில்லை? இங்கேதான் என் வடுவுக்கு மருந்து இருக்கிறது. முதல் ஓட்டத்தில் சிரிஞ்சால் அளந்து 150 மி.லி. ஊற்றுங்கள். இரண்டே வில்லை. விசில் வேண்டாம். எரிந்து முடித்து, நன்றாக ஆறிய பிறகு மீதியைச் சிரிஞ்சால் உறிஞ்சியோ கவிழ்த்தோ அளந்து பாருங்கள். எனக்கு 102 மி.லி. மிஞ்சியது. ஆக ஒரு வில்லைக்கு 24 மி.லி. போகிறது. ஊற்றியதில் மூன்றில் ஒரு பங்காவது, அதாவது 50 மி.லி., கொதிகலனில் எப்போதும் இருந்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 100 மி.லி. செலவழிக்கலாம். கணக்குப்படி நாலு வில்லை. விசிலுக்கும் கசிவுக்கும் ஒன்றைக் கழித்து மூன்றோடு நிறுத்திவிட்டேன். உங்கள் எஞ்சினுக்கு எண்கள் வேறாக வரும், முறை இதுவேதான். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி எஞ்சின் பலகையின் அடியில் ஒட்டிவிடுங்கள். ஓட்டும் நாளில் அத்தனை வில்லைகளை மட்டும் எடுத்துவிட்டு, டப்பாவை வேறு அறையில் வைத்துவிடுங்கள். பிள்ளைகள் கெஞ்சும்போது கணக்கு நினைவுக்கு வராது. எழுந்து போக வேண்டியிருந்தால்தான் வரும்.

தண்ணீர் தீர்ந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் முதல் வேலை நெருப்பை வெளியே இழுப்பது. சூடான வெறும் கொதிகலனில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆறட்டும். சில மாடல்களில் மூடிகளை ஈயப்பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்தப் பற்று 190 டிகிரி வாக்கிலேயே இளகும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை தகடு அந்தச் சூட்டை எட்டாது. தண்ணீர் போனதும் ஒரு நிமிடம் போதும்.

எண்ணெய்

இரண்டு எண்ணெய் வேண்டும். தண்டு, தாங்கி, கிராங்க் போன்ற வெளி இடங்களுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. சிலிண்டருக்கு அது உதவாது, ஆவி ஒரே நொடியில் கழுவிக்கொண்டு போய்விடும். அங்கே வேண்டியது ஸ்டீம் சிலிண்டர் ஆயில்: தேன் மாதிரி கெட்டியானது, ஈரத்திலும் உலோகத்தை விடாதது. தொழிற்சாலை எண்ணெய்க் கடைகளில் 460 என்ற எண்ணோடு கிடைக்கும். வண்டிக்கு ஊற்றும் கியர் ஆயிலும் கெட்டிதானே என்று கேட்பார்கள். அதில் பலவற்றில் கந்தகக் கூட்டு உண்டு, பித்தளையை அரிக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழிக் காலையில் குழாய்க்குள் உறைந்து நிற்கும், மற்ற நாளில் சிக்குப் பிடிக்கும்.

கொஞ்சம் நல்ல எஞ்சின்களில் ஆவிக்குழாயோடு ஒரு சின்னக் குப்பி ஒட்டியிருக்கும். அதை நிரப்பி மூடிவிட்டால் போதும், யாரும் தொடாமலே எண்ணெய் போய்க்கொண்டிருக்கும். எப்படி என்று பல நாள் புரியவில்லை. குப்பிக்குள் நுழையும் ஆவியில் கொஞ்சம் குளிர்ந்து தண்ணீராகும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் போய் உட்காரும். அது உட்கார உட்கார, மேலே மிதக்கும் எண்ணெய் அந்த அளவுக்கு வழிந்து ஆவியோடு சிலிண்டருக்குப் போகும். ஒரு அசையும் பாகம்கூடக் கிடையாது. ஓட்டம் முடிந்து குப்பியைத் திறந்தால் அடியில் தண்ணீர் நிற்கும். சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு மறுபடி எண்ணெய் நிரப்புங்கள். ஆவி இருக்கும்போது அந்த மூடியைத் தொடாதீர்கள்.

ஓட்டம்

வெந்நீர் ஊற்றியாயிற்று, எண்ணெய் விட்டாயிற்று. சேஃப்டி வால்வைக் கையால் இறுக்குங்கள், குறடு வேண்டாம். நெருப்பை உள்ளே தள்ளுங்கள். இனி நாலைந்து நிமிடம் காது வைத்திருக்க வேண்டிய நேரம். முதலில் மெல்லிய இரைச்சல், காபிக்குத் தண்ணீர் சுடும்போது வருமே அதே சத்தம். பிறகு அது அடங்கும். அடங்கினால் கொதி வந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது வால்வின் தண்டைக் கையுறையோடு லேசாக இழுத்துப் பாருங்கள். 'புஸ்' என்று விட்டு, விட்டதும் மூட வேண்டும். இது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் உண்டு. அசையவில்லை என்றால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது, நெருப்பை இழுத்துவிடுங்கள்.

அடுத்து ஆவித்திருகைக் கொஞ்சமாகத் திறந்து ஃப்ளைவீலைக் கையால் சுற்றுங்கள். ஓடாது, ஓடவும் கூடாது. சிலிண்டர் இன்னும் குளிர்ந்திருப்பதால் உள்ளே போன ஆவி தண்ணீராகிவிடும். அந்தத் தண்ணீர் பிஸ்டனுக்கும் மூடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் சக்கரம் சுவரில் மோதியது போல நிற்கும். பலம் போட்டுத் திருப்பாதீர்கள். முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டிவிட்டால் வெளிக்குழாய் வழியாகத் துப்பும். பத்துப் பதினைந்து சுற்றுக்குப் பிறகு துப்பல் குறையும், சிலிண்டர் தொட முடியாத சூடாகும். ஏதோ ஒரு சுற்றில் சக்கரம் உங்கள் விரலிலிருந்து நழுவி, தானே ஓட ஆரம்பிக்கும். நூறு தடவை பார்த்தாலும் எனக்கு அந்த நொடியில் சிரிப்பு வந்துவிடுகிறது.

முதலில் எல்லோரும் முழுத் திறப்பில்தான் ஓட்டுவார்கள். சக்கரம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும், அஞ்சு நிமிடத்தில் ஆவி போய்விடும். திருகை மூடிக்கொண்டே வந்து, நிற்பதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்துங்கள். ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். உண்மையான சுவை அங்கேதான் இருக்கிறது.

காதைப் பழக்க ஒரு நல்ல பள்ளிக்கூடம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7 மணி வாக்கில் கிளம்பும் நீலகிரி மலை ரயில், குன்னூர் வரை நீராவியில்தான் ஏறுகிறது. எஞ்சின் பின்னால் நின்று தள்ளும். கல்லாறு தாண்டிப் பல்சக்கரப் பாதை தொடங்கியதும், தண்டவாளச் சக்கரங்களை ஓட்டிய ஆவி வெளியே போகாமல் பல்சக்கரத்தை ஓட்டும் இன்னொரு ஜோடி சிலிண்டருக்குள் போய் மறுபடி வேலை செய்யும். தாளம் மாறுவதைக் கவனியுங்கள். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிப் பாருங்கள், நெருப்புக்காக அல்ல, தண்ணீருக்காகத்தான் அங்கே நிறுத்தம்.

வேலை கொடுங்கள்

வெறுமனே சுற்றும் எஞ்சின் மூன்றாம் நாள் சலித்துவிடும். ஸ்பிரிங் பெல்ட் போட்டு எதையாவது இழுக்க வையுங்கள். பழைய டேப் ரெக்கார்டர் மோட்டாரைச் சுற்றினால் அதுவே டைனமோ, ஒரு சிவப்பு எல்.இ.டி. எரியும். அதற்கே எஞ்சின் தாளம் இறங்கும். பாரம் என்றால் என்ன என்பது அப்போது பிள்ளைகளுக்கு விளங்கும். எரித்த சூட்டில் நூற்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்கு வருவதில்லை என்பதும் அந்த மங்கல் வெளிச்சத்தில் தெரியும். விலெஸ்கோ 1960களில் அணுமின் நிலைய வடிவில்கூட ஒரு எஞ்சின் விற்றது. உள்ளே இருந்தது மின்சார ஹீட்டர்தான்.

நிறுத்துவது

கணக்கு சரியாக இருந்தால் நெருப்பு தானே தீரும். எஞ்சின் மெதுவாகி நிற்கும்வரை ஓடட்டும், அழுத்தம் அப்படியே இறங்கிவிடும். அதன் பிறகு வால்வின் தண்டை இழுத்துப் பார்த்து, சத்தம் வராவிட்டால் மட்டும், வால்வைக் கழற்றுங்கள். இதை மறந்து தூங்கப் போனால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து தண்ணீராகி வெற்றிடம் உண்டாகும். அது சிலிண்டர் வழியாக எண்ணெயையும் அழுக்கையும் கொதிகலனுக்குள் உறிஞ்சும். அடுத்த ஓட்டத்தில் நுரை பொங்கி, சிலிண்டர் துப்பிக்கொண்டே இருக்கும். காரணம் தெரியாமல் ஒரு மாதம் அலைந்தேன்.

தண்ணீரை முழுக்க வடித்து, மூடியைத் திறந்தே வைத்து உலர விடுங்கள். வெளிப்பிசுக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஈரத்துணிக்கு வந்துவிடும், ஆறினால் தேய்க்க வேண்டும். நிக்கல் பூச்சுள்ள கொதிகலனில் புளியோ பீதாம்பரியோ போடாதீர்கள். பூச்சே போய்விடும். சிலிண்டருக்குள் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நாலு சுற்றுச் சுற்றி வையுங்கள்.

ஓடாவிட்டால்

ஆவி வருகிறது, சக்கரம் சுற்றவில்லை என்றால் பத்தில் எட்டு முறை எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கும். சூடாக்கி, மெல்லிய எண்ணெய் விட்டுக் கையால் சுற்றுங்கள். ஆடும் சிலிண்டரில் ஸ்பிரிங் இறுகியிருந்தால் உரசும், தளர்ந்திருந்தால் ஆவி எல்லாம் முகத்தில் கசியும். நட்டைக் கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். திருகு மரையில் கசிந்தால் வாஷரை மாற்றுங்கள். டெஃப்லான் டேப் நாலு சுற்று மற்ற மரைகளுக்குச் சரி, சேஃப்டி வால்வுக்கு வேண்டாம், பிசிறு உள்ளே போய் மாட்டும். அந்த வால்வைப் பழுது பார்க்காதீர்கள், ஸ்பிரிங்கை இழுத்து நீட்டாதீர்கள். புதிது வாங்குங்கள். இந்தப் பொழுதுபோக்கில் நான் கஞ்சத்தனம் பார்க்காத ஒரே சாமான் அது.

ஒரு வருடம் ஓட்டிய பிறகு கை அரிக்கும், நாமே ஒன்று செய்தால் என்ன என்று. இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் மாடல்களில் '10வி' என்ற நிற்கும் எஞ்சின் அதற்கென்றே பெயர் போனது. முக்கால் அங்குல சிலிண்டர், முக்கால் அங்குல ஓட்டம். கடையாத வார்ப்புகளாகவே வாங்கலாம், லேத்தில் கடைந்து நாம் பூட்ட வேண்டும். கொதிகலனை மட்டும் முதல் முயற்சியில் செய்யாதீர்கள், சோதித்துக் கொடுப்பதை வாங்குங்கள்.

நான் அந்த வார்ப்புகளை ஒரு துணியில் சுற்றி, கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். வாழ்நாள் முழுக்க பம்பு கடைந்த கை அந்த அண்ணனுடையது. மூன்று அங்குல ஃப்ளைவீலை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது எந்தப் பம்புக்குங்க?" என்றார். எதையும் இறைக்காது அண்ணா, சும்மா ஓடும் என்றேன். கொஞ்ச நேரம் என்னையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை வர்றீங்களா? அன்னைக்குத்தான் மிஷின் சும்மா இருக்கும்" என்றார்.